கொல்லைப்புறத்து உறைகிணறு

இந்தப் பக்கம் வாங்கக்கா. அந்தப் பக்கம் போனா ரோடு வந்துடும், பஸ்ஸுல போறவன்லாம் எட்டிப் பாப்பான். மேடம்னுதான் கூப்பிடணுமோ என்னமோ, எனக்கு அக்கான்னுதான் வாயில வருது. கோவிச்சுக்காதீங்க. வாளியக் குடுங்க, நான் எடுத்துக்கிறேன். பிள்ளை ஒரு இடுப்புல, வாளி ஒரு கையில, எனக்கு இது பழக்கம்தான். நீங்க துப்பட்டாவைச் சுருட்டிப் பிடிச்சுக்கங்க. கருவ முள்ளு பிடிச்சா லேசுல விடாது.

வெக்கப்படாதீங்க. நீங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "தண்ணி கிடைக்குமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. குடிக்கிற தண்ணி கேக்குற மூஞ்சி வேற. நான் எத்தனை நாள் அந்த மூஞ்சியோட நின்னிருக்கேன்! உங்க கூடாரத்துக் கக்கூஸ் நிறைஞ்சு போச்சாமே? பூமி சொன்னுச்சு. லாரி வந்து உறிஞ்சி எடுத்தாத்தான் உண்டாம். பூமிங்கிறது எங்க வீட்டுக்காரரோட தம்பி, நீங்க பழசைத் தேடித் தோண்டுற குழியிலதான் மண்ணு அள்ளுது. வாய் சும்மா இருக்காது அதுக்கு. அந்த வாயாலதான் எல்லாம் வந்துச்சு.

கொஞ்சம் வேகமா நடங்க. இல்ல, வேகமா வேணாம், பள்ளம் இருக்கு. பாத்து வாங்க.

நாங்க விடியுறதுக்கு முன்னாடி இந்த ஓரத்துலயே போயிட்டு வந்துடுவோம். வெளிச்சம் வந்துட்டா இது ஆகாது. பகல்ல அவசரம்னா உள்ள, அந்த மேட்டுக்குப் பின்னாடிதான். அங்க ஒருத்தன் கண்ணும் எட்டாது. உங்க ஆளுங்க யாரையும் அந்தப் பக்கம் விடக்கூடாதுன்னு பொம்பளைங்க எல்லாம் பேசி வச்சிருக்கோம். நீங்க நேத்துச் சாயங்காலம்தானே வந்து இறங்குனீங்க, உங்களை அந்தக் கணக்குல சேக்க முடியுமா? அதுவும் இந்த நிலமையில? பாவம்ல.

நான் அதிகம் பேச மாட்டேங்கா. யாரை வேணா கேளுங்க, மங்களேஸ்வரி வாயத் திறந்து பாத்ததில்லைன்னுதான் சொல்லுவாங்க. ஆறாவதோட நின்னுட்டேன், எனக்கு என்ன பேசத் தெரியும். உங்ககிட்ட ஏனோ வருது. நடக்குற வழிக்கு ஆச்சுன்னு வச்சுக்கங்க.

எங்க அம்மா வீடு பரமக்குடி. வாடகை வீடு, ஒரே சுவத்துல பல குடும்பம், எல்லாருக்கும் சேத்து ஒரே கக்கூஸ். காலையில வரிசையில நிக்கணும், சண்டை வரும், ஒருத்தி உள்ள போனா வெளிய வரவே மாட்டா. ஆனா கதவு இருந்துச்சுக்கா. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சு. அது பெரிய விஷயம்னு அப்பத் தெரியல. இந்தக் கோரைமுனைக்குக் கட்டிக் குடுத்தாங்க, மாப்பிள்ளை நல்லவர், சொந்த வள்ளம், குடிக்க மாட்டாருன்னு எல்லாம் விசாரிச்சாங்க. அதை மட்டும் யாரும் விசாரிக்கல. பொண்ணு பாக்க வந்த எடத்துல அதை எப்படிக் கேப்பாங்க?

கல்யாணமான மறுநாள் எங்க மாமியார் கையில ஒரு சொம்பைக் குடுத்து, "சந்தனமாரி கூடப் போ"ன்னுச்சு. சந்தனமாரி பக்கத்து வீடு. எனக்கு அழுகையா வந்துச்சு. "என்னடி, பரமக்குடிக்காரிக்குப் பன்னீர்ல கழுவுனாத்தான் ஆகுமோ"ன்னு சிரிச்சா அவ. இப்ப அவதான் எனக்கு எல்லாம். அப்ப அவளைப் பாத்தாலே பயம்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சொன்னேன்னா, நேரா சொல்லல. சாடையா. "எங்க அம்மா வீட்டுல எல்லாம் வசதியா இருக்கும்"னு சொன்னேன். அவர் டிவி வாங்கிட்டு வந்தாரு. கடலுக்குப் போற ஆளுக்கா, அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்களுக்கு அந்தக் கடலே போதும்.

பிள்ளை வயித்துல இருந்தப்பத்தான் ரொம்பக் கஷ்டம். குனிஞ்சு உக்கார முடியாது, எந்திரிக்க முடியாது, நாய் வேற வரும். அதனால சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதை விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் குறைச்சேன். பிள்ளை பிறந்த பிறகும் அப்படியே பழகிப் போச்சு. இந்தா, இவதான், தன்ஷிகா. பால் பத்தாம கத்துவா. ஊசி போட வந்த நர்சம்மா கேட்டாங்க, "தண்ணி குடிக்கிறியா இல்லையா, உதடு வெடிச்சுக் கிடக்கு, பிள்ளை எடையே ஏறல". நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். சந்தனமாரிதான் பட்டுன்னு சொன்னா, "அவ எப்படி குடிப்பா, போறதுக்கு எடம் வேணும்ல!" நர்சம்மா அன்னைக்கு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிக்க வச்சுத் திட்டுனாங்க பாருங்க. மனுசன் மூஞ்சி கறுத்துப் போச்சு. மறுநாளே கக்கூஸ் குழிக்குச் சிமெண்டு உறை கொண்டாந்து இறக்கிட்டாரு. பெரிய பெரிய வளையம். கொல்லையில உருட்டி விட்டிருந்தாங்க. எனக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கணும் போல இருந்துச்சு.

கொல்லையில அண்ணனும் தம்பியும் குழி தோண்டுனாங்க. எங்க மண்ணு மணல்தானே, லேசா வந்துச்சு. நெஞ்சளவு இறங்குனதும் மண்வெட்டி டங்குன்னுச்சு. பாறை இல்ல. சுட்ட மண்ணு வளையம். நல்ல செவப்பு. சுத்தி மண்ணைத் தள்ளுனா அதுக்குக் கீழ இன்னொண்ணு, அதுக்குக் கீழ இன்னொண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி. ஒரு கீறல் கிடையாதுக்கா. பூமி குழிக்குள்ள நின்னு கத்துச்சு, "அண்ணி! உங்களுக்கு முன்னாடியே இந்த வீட்டுல எவளோ அடம்பிடிச்சு வாங்கி வச்சிருக்கா!" எங்க மாமியார் கூடச் சிரிச்சுச்சு.

எங்களுக்கு என்ன தெரியும் சொல்லுங்க. உறைன்னா உறை. அந்தக் காலத்துல சிமெண்டு இல்ல, மண்ணுல பண்ணியிருப்பாங்க, எங்க வீட்டுக்காரரோட பாட்டன் பூட்டன் யாராவது கக்கூஸ் கட்ட ஆரம்பிச்சு விட்டிருப்பாங்கன்னு நினைச்சோம். அளவும் சரியா இருந்துச்சு. "சாமியாப் பாத்துக் குடுத்தது"ன்னு எங்க வீட்டுக்காரர் சிமெண்டு உறையைத் திருப்பி அனுப்பிட்டாரு. உள்ள இருந்த மண்ணை வழிச்சு எடுத்துட்டு, மேல பலகைக் கல்லு போட்டு, கோப்பை பதிச்சு, சுத்தித் தகரம் அடிச்சு, கதவு மாட்டுனாங்க. தாழ்ப்பாள் நான் கேட்டேன். அது ஒண்ணு மட்டும் வாய விட்டுக் கேட்டேன்.

குனிஞ்சு வாங்க. கிளை தாழ்ந்திருக்கு. இவளைக் கொஞ்சம் பிடிங்க... சரி, குடுங்க. உங்ககிட்ட அழாம இருக்கா பாருங்க.

அந்தக் கொஞ்ச நாள் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? செம்பு செம்பாத் தண்ணி குடிச்சேன். ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். இவளுக்குக் கன்னம் வச்சுச்சு. வேலையே இல்லாட்டியும் உள்ள போய் தாழ்ப்பாளைப் போட்டுட்டு சும்மா நிப்பேன். தகரத்து ஓட்டை வழியா வெயில் புள்ளி புள்ளியா விழும். ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் "உள்ள இருக்கா"ன்னு எங்க மாமியார் பதில் சொல்லிடும். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. உள்ள இருக்கா.

அப்பத்தான் உங்க ஆளுங்க வந்தாங்க. கோயிலுக்கு அந்தாண்ட கூடாரம் அடிச்சு, கயிறு கட்டி, கட்டம் கட்டமாத் தோண்டுனாங்க. பூமி கூலிக்குப் போச்சு. ஒரு நாள் குழியில ரெண்டு உடைஞ்ச துண்டு கிடைச்சிருக்கு, வளைஞ்சு, செவப்பா. பெரிய சார் கையில வச்சுக்கிட்டு குதிக்காத குறைதானாம். எல்லாரும் சுத்தி நின்னு போட்டோவாம். நம்ம ஆளு சும்மா இருக்கலாம்ல? "இதுக்கா சார் இம்புட்டுக் குதி? எங்க வீட்டுல முழுசா அடுக்கடுக்கா இருக்கு. எங்க அண்ணி தினம் போயிட்டு வருது"ன்னு சொல்லியிருக்கு.

எல்லாரும் வந்துட்டாங்கக்கா. நான் உள்ள இருந்தேன்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. சந்தனமாரி இன்னைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறா. எனக்குத்தான் வரல. வெளிய திபுதிபுன்னு காலடி. "இதுதான் சார்"ங்குது பூமி. "கதவைத் தொறங்க பாப்போம்"ங்கிறாரு ஒருத்தர். "உள்ள ஆள் இருக்கு சார்". "யாரு?" "அண்ணி". நான் தாழ்ப்பாளை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். பெரிய சார் தங்கமான மனுசன், அதைச் சொல்லணும். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கப்பா"ன்னாரு. திரும்பி நின்னா? காதையுமா திருப்பி வச்சுக்க முடியும்? தண்ணி எப்படி ஊத்துறது? இவ வெளிய கத்துறா. எங்க மாமியார் அந்த நேரம் பாத்து எல்லாருக்கும் "காப்பி போடவா"ன்னு கேக்குது, கல்யாண வீடு மாதிரி. போவாங்க போவாங்கன்னு பாத்தேன், போற மாதிரி இல்ல. இவ அழ அழ எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலி. கடைசியில முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு வெளிய வந்தேன். உங்கள மாதிரி ஒரு பொண்ணு, படிக்கிற பொண்ணு, கையெடுத்துக் கும்பிட்டுச்சு. என்னைக் கும்பிட்டுச்சா, பின்னாடி இருந்ததைக் கும்பிட்டுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பலகைக் கல்லை எடுத்தாங்க. கோப்பையைப் பேத்தாங்க. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு பெரிய சார் அப்படியே மணல்ல உக்காந்துட்டாரு. ரெண்டாயிரம் வருஷமாம். உறைகிணறாம். "இதுலதாம்மா அந்தக் காலத்து ஜனங்க தண்ணி எடுத்துக் குடிச்சிருக்காங்க"ன்னாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எங்க வீட்டுல எல்லாரும்தானே போனோம்? எங்க வீட்டுக்காரர் போகல? பூமி போகல? ஆனா எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க.

அதுக்கப்புறம் சொல்லவா வேணும். வேலி போட்டாங்க, மேல கூரை போட்டாங்க, காவலுக்கு ஆள். கழுவி, காய வச்சு, மேல் வளையத்தை எடுத்துப் பஞ்சு சுத்திப் பெட்டிக்குள்ள படுக்க வச்சாங்க. இவ பிறந்தப்பக்கூட ஆஸ்பத்திரியில அப்படிப் பொத்திக் குடுக்கல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையில வருது. எங்க மாமியார் வாசல்ல நின்னுக்கிட்டு, "எங்க வீட்டுக் கிணறுதான், பரம்பரையாப் பாத்துக்கிட்டு வர்றோம்"னு சொல்லுது! ஒரு டீச்சர் எங்க மாமியாரோட சேந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

நான் குறை சொல்லல. பெரிய சார் அன்னைக்கே சொன்னாரு, "உங்களுக்கு வேற ஏற்பாடு கண்டிப்பா பண்ணித் தர்றோம்மா". மாசியில சொன்னாரு. இப்ப ஆடிக் காத்து அடிக்குது. நாங்களே வேற குழி தோண்டிக்கலாம்னா அதுவும் ஆகாதாம். இந்த மணல்மேட்டுல எங்க மண்வெட்டி வைக்கிறதுன்னாலும் அவங்களைக் கேக்கணுமாம், கீழ என்ன இருக்கோன்னு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை போய்க் கேட்டாரு. "மேல எழுதியிருக்கோம்"ன்னாங்களாம். அவர் வள்ளத்தைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

என்கிட்டயும் பெரிய சார் கேட்டாருக்கா. பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் கொல்லைப் பக்கம் வந்தவரு, "உங்களுக்கு வேற எதுவும் கஷ்டம் இருக்காம்மா, சொல்லுங்க"ன்னு நின்னாரு. நான் "ஒண்ணும் இல்ல சார்"ன்னேன். பின்ன? அவ்வளவு பெரிய ஆம்பளைகிட்ட அதை எப்படிச் சொல்றது? அவரே புரிஞ்சுக்க வேண்டாமா? படிச்சவருதானே? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவ எங்க தண்ணி மொண்டான்னு தெரியுது, எதுக்க நிக்கிறவ ஏன் நெளியுறான்னு தெரியாதா?

உங்க கூடாரத்துக் கக்கூஸை நானும் உபயோகிச்சுக்கலாம்னாரு. நல்ல மனசு. ஆனா அது எங்க இருக்கு? டீ குடிக்கிற எடத்துக்கு எதுக்க. நான் வாளியத் தூக்கிக்கிட்டு அத்தனை பேருக்கு முன்னாடி நடந்து போகணும். ஒரு தடவை போனேன். பாதி வழியில ஒருத்தன் மரியாதையா எந்திரிச்சு நின்னான். அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அதனால மறுபடி இந்தக் காடுதான். மறுபடி சாயங்காலத்துக்கு மேல தண்ணி கிடையாது. இவ கன்னத்தைப் பாருங்க. வத்திப் போச்சு.

வந்துட்டோம். இதுதான். அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல போங்க, அங்க பள்ளமா இருக்கும், யாருக்கும் தெரியாது. இந்தாங்க வாளி, பக்கத்துல வச்சுக்கங்க. நான் இப்படித் திரும்பி நிக்கிறேன். நீங்க பாட்டுக்கு இருங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன், சத்தம் இருந்தா உங்களுக்கும் கூச்சம் இருக்காது.

உங்க ஆளுங்க வீடு வீடா வந்து கேட்டாங்க, "வேற எங்கயாவது இப்படிப் பாத்திருக்கீங்களா"ன்னு. எங்க மாமியார் இல்லன்னுச்சு. சந்தனமாரி இல்லன்னா. நான் கீழ பாத்துக்கிட்டு நின்னேன், கூச்சம்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் சந்தனமாரி எல்லாரையும் கூட்டி வச்சுச் சொன்னா, "ஒருத்தி வாயத் தொறந்தாலும் காட்டைச் சுத்தி வேலி வந்துரும். மங்களேஸ்வரிக்கு ஒரு குழிதான் போச்சு, நமக்கு மொத்தமும் போயிரும். அப்புறம் கடலுக்குள்ளயா போய் உக்காருறது?" நான்தான் மொத ஆளா அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன்.

ஆச்சாக்கா? மெதுவா வாங்க, அவசரம் இல்ல.

ஆச்சா?

ஏன்க்கா சத்தமே காணோம். பாம்பா? நான் திரும்பவா? குனிஞ்சு என்ன பாக்குறீங்க?

அது ஒண்ணுமில்ல. ஓடு. யாரோ பானையப் போட்டு உடைச்சிருக்காங்க. எந்திரிங்க, போலாம். ஐயோ, கையை வைக்காதீங்க, அசிங்கம் அது. வெறுங்கையால மண்ணைத் தள்ளுறீங்களே, உங்களுக்கு அருவருப்பா இல்லையா? விடுங்கக்கா. வட்டமாத்தான் இருக்கும், பானை வாய் வட்டமா இருக்காதா? அவ்வளவு பெரிய பானையும் உண்டு. எங்க ஊருல உண்டு. எந்திரிங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

போனை எடுக்காதீங்க.

நான்தானே கூட்டிட்டு வந்தேன். ஐயோ. சத்தியம் பண்ண நானே கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கேனே. உங்க மூஞ்சியப் பாத்தேன், வேற எதுவும் தோணல.

ஆமா. இருக்கு. போதுமா? இது ஒண்ணு. அந்த வேருக்கு அடியில ஒண்ணு. மேட்டுக்கு அந்தாண்டயும் இருக்கு. எங்க எல்லாருக்கும் தெரியும். எங்க மாமியார் புதுப்பொண்ணா வந்தப்பவே பாத்திருக்கு. நாங்க ஒண்ணையும் உடைக்கல. கால்ல இடறும், தாண்டிப் போவோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு போட்டோவா? ஒரு போட்டோ போனா மறுநாள் கயிறு வரும். எங்க வீட்டுக்கும் ஒரே ஒரு போட்டோன்னுதான் ஆரம்பிச்சுச்சு.

சொல்லாம இருக்க முடியாதா உங்களால? படிச்ச படிப்பு விடாதா? மறைக்கிறது தப்புங்கிறீங்க. சரிக்கா. நீங்க படிச்சது அப்படி. நான் உங்களை மறைக்கச் சொல்லல. உங்க கண்ணு கலங்குது, எனக்கே பாவமா இருக்கு. நீங்க கெட்டவங்க இல்ல. உங்க பெரிய சாரும் கெட்டவரு இல்ல. அதான் இத்தனை நாளா சும்மா இருந்தேன்.

தள்ளுங்க. நான் இதுல ஏறி நிக்கிறேன். உடையாது, ரெண்டாயிரம் வருஷம் தாங்குனது என்னையும் இவளையும் தாங்காதா? செருப்பைக் கழட்டிட்டேன். இப்ப எடுங்க போட்டோ. என்னோட சேத்து எடுங்க.

எடுக்கலையா? அப்ப போய்ச் சொல்லுங்க. காட்டுக்குள்ள இருக்குன்னும் சொல்லுங்க, மேல ஒருத்தி பிள்ளையோட நிக்கிறான்னும் சொல்லுங்க. ஊருல அத்தனை பொம்பளைக்கும் போறதுக்கு எடம், கதவோட, தாழ்ப்பாளோட. அதை முதல்ல கட்டட்டும். கட்டி முடிச்ச அன்னைக்கு நானே வந்து ஒண்ணொண்ணாக் காட்டுறேன், அவங்களுக்குத் தெரியாததையும் சேத்துக் காட்டுறேன். அதுவரைக்கும் இங்கதான். எனக்குக் கால் வலிச்சா சந்தனமாரி வந்து நிப்பா. அவ திட்டுவா, கொன்னுடுவா என்னை. ஆனா நிப்பா.

பெரிய சாரையே கூட்டிட்டு வாங்கக்கா. வாளி இங்கயே இருக்கட்டும், நீங்க போங்க, வந்த வழியே. ஆனா நேரா உள்ள நுழைஞ்சுடக் கூடாதுன்னு அவர்கிட்ட மறக்காமச் சொல்லிடுங்க. காட்டோரத்துல நிக்குதே, அந்தப் பனைகிட்டயே நின்னு குரல் குடுக்கணும். குரல் குடுத்து, இங்க இருந்து பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கணும்.

உள்ள எவளாவது இருப்பா.